வில்லாபுரம் வீட்டுக்கு ஆறு லைன்

எங்கள் தெருமுனையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்காரர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கு ஒன்றாக ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். ஒயர் கிடையாது. செல்போனைத் தொட்டால் எல்லா அறையிலும் ஒரே பாட்டு ஓடுகிறது. குளியலறையில் இருக்கும் ஒன்று மட்டும் அவ்வப்போது தானாக நின்றுவிடுகிறதாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லியும் விடவில்லை. அதைச் சரிபார்க்க வந்திருந்த கம்பெனி ஆள் என்னைப் பார்த்து, “சார், உங்க காலத்துல ஒரு வீட்டுக்கு இந்த மாதிரி செய்ய எம்புட்டு நாளாகும்?” என்று கேட்டார்.

“பத்து மாசம்” என்றேன்.

சிரித்தார். “ஒயர் இழுக்கவே அம்புட்டு நாளா?”

ஒயர் இழுக்க நாலு நாள் போதும். மீதி நாளெல்லாம் எதில் போனது என்று குளியலறை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? “ஆமா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் செக்கானூரணிப் பக்கம். அப்பா சோளமும் கடலையும் போட்டுக்கொண்டு, மழையைத் திட்டிக்கொண்டு இருந்தவர். நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படிப்பு முடித்து, எழுபதுகளின் நடுவில் கோரிப்பாளையத்தில் இப்ராகிம் பாய் கடையில் சேர்ந்தேன். முதல் ஐந்து வருஷம் கல்யாண வீடு, காதுகுத்து, பொதுக்கூட்டம். குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டுவதும் இறக்குவதும்தான் வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எண்பதுகள் பிறந்த பிறகுதான் பெரிய வீடு கட்டுகிறவர்கள், “பாய், வீடு முழுக்கப் பாட்டுக் கேக்குற மாதிரி பண்ண முடியுமா?” என்று வர ஆரம்பித்தார்கள்.

இப்ராகிம் பாய் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே பெரிய தொந்தரவு. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவர் “அச்சா” என்று மட்டும் சொல்வார். நாம் செய்ததில் என்ன தப்பு என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டு வேலை வந்தால் பாய் முதலில் ஒயர் கட்டைத் தொட விடமாட்டார். கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுப்பார். வீட்டின் வரைபடத்தை அதில் பென்சிலால் போடுவார். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், நடுவில் நின்று, கையை ஒருமுறை தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எதிரொலி அடங்கும்வரை நகரமாட்டார். கூரையே போடாத வீட்டிலும் இதைச் செய்தார். “மேல ஆகாசம்ல பாய் இருக்கு” என்று நான் ஒருதடவை சொன்னேன். “சுவர் இருக்குல்ல” என்றார்.

அதன் பிறகு கேள்விகள். இந்த அறையில் யார் இருப்பார்கள்? எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள்? நோயாளி உண்டா, கைக்குழந்தை உண்டா? வீட்டுக்காரர்கள் கடுப்பாவார்கள். “ஸ்பீக்கர் மாட்ட வந்தீங்களா, ரேஷன் கார்டு எழுத வந்தீங்களா?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். பாய் அசைய மாட்டார். பதில் வந்த பிறகுதான் ஸ்பீக்கருக்கு இடம் குறிப்பார். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு தனி லைன் ஆம்ப்ளிபயர் வரைக்கும் வரவேண்டும் என்பார். ஒரே லைனில் வரிசையாகக் கோத்துக்கொண்டு போனால் பாதி ஒயர் மிச்சம். ஆனால் ஒன்று போனால் எல்லாம் போகும். அதைவிட முக்கியமாக, அறைக்கு அறை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று இருக்கவேண்டும். அது இடதுபக்கம் கடைசிவரை திரும்பவேண்டும், திரும்பினால் அந்த அறையில் சுத்தமாகச் சத்தம் நிற்கவேண்டும். “உள்ள இருக்குறவங்க நிறுத்த முடியாத பாட்ட நான் போட மாட்டேன் தம்பி” என்பார். அப்போது எனக்கு அது ஒரு கிழட்டுப் பிடிவாதமாகப் பட்டது.

வில்லாபுரத்தில் வீடு கட்டிய தாமோதரன் பட்டுச்சேலை வியாபாரி. சௌராஷ்டிரக் குடும்பம். கீழே அவரும் அவர் மனைவி சாவித்திரியம்மாவும். மாடியில் தம்பி ரங்கநாதனும் அவர் மனைவி ருக்மணியும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கடை, ஒரே சமையல். தாமோதரனுக்குப் பக்திப் பாட்டு விடிகாலையிலிருந்து வீடு முழுக்கக் கேட்கவேண்டும். பூஜையறை, கூடம், சமையல்கட்டு, அவருடைய படுக்கையறை, மாடியில் தம்பி அறை, மொட்டைமாடி என்று ஆறு இடம். ஆம்ப்ளிபயரும் டேப்பும் அவருடைய ஆபீஸ் அறை அலமாரியில்.

முதல் சிக்கல் பாஷை. நான் தாளை விரித்து விளக்குவேன். அண்ணனும் தம்பியும் கால் மணி நேரம் அவர்கள் வீட்டு பாஷையில் பேசுவார்கள். கை நீளும், விரல் மேலே காட்டும், தம்பி தலையை ஆட்டி மறுப்பார், உள்ளேயிருந்து சாவித்திரியம்மா ஒரு வார்த்தை சொல்வார். எனக்கு ஒரு எழுத்து புரியாது. கடைசியில் தாமோதரன் என் பக்கம் திரும்பி, “சமையல்கட்டுல இடம் மாத்திருங்க” என்று ஒரே வரியில் தமிழில் சொல்வார். ஏன் மாற்றவேண்டும், எங்கே மாற்றவேண்டும் என்று கேட்டால் மறுபடி கால் மணி நேரம். தாளை ஏழு தடவை மாற்றிப் போட்டோம். சமையல்கட்டு ஸ்பீக்கர் மட்டும் நாலு சுவருக்கும் போய்விட்டு முதல் சுவருக்கே திரும்பி வந்தது.

இரண்டாவது சிக்கல் குமிழ். “கீழ நான் பாட்டுப் போட்டா மேல கேக்கணும். மேல எதுக்குக் குமிழு?” என்று தாமோதரன் கேட்டார். பாய் இதற்காக ஒரு மாதம் நடந்தார். வேலையே வேண்டாம் என்று திரும்பும் நிலைக்கு வந்த பிறகுதான் தாமோதரன் இறங்கி வந்தார்.

மூன்றாவது, காங்கிரீட். கூரைக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் நம்முடைய பைப்பைப் பதித்துவிடவேண்டும். பதித்தேன். பைப்பின் வாயையெல்லாம் துணியால் அடைத்தேன். அதன்மேல் நடக்காதீர்கள் என்று கொத்தனாரிடம் பத்துத் தடவை சொன்னேன். “நாங்க பாக்காத பைப்பா மாப்ள?” என்றார். பலகை பிரித்த பிறகு கம்பியை விட்டுப் பார்த்தால் ஆறில் இரண்டு பைப்புக்குள் கம்பி ஆறடிகூடப் போகவில்லை. மிதித்து உடைத்து, உள்ளே காங்கிரீட் இறங்கி, இறுகி, கல்லாகிவிட்டது. கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, “பைப்பு நல்ல கம்பெனி இல்ல போல” என்றார். இரண்டு லைனுக்கும் சுவரை உளியால் கொத்திப் புதுவழி போட்டேன். பதினாறு நாள்.

அதற்கும் மேலே, கரண்டு வேலை பார்த்தவர் மாடி ஃபேனுக்குத் தனிப் பைப்பு போட மறந்துவிட்டு, ஃபேன் ஒயரை என் பைப்புக்குள்ளேயே செருகிவிட்டார். பாட்டைப் போட்டால் பாட்டுக்கு அடியில் மாடு உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். ஆம்ப்ளிபயரைப் பிரித்தேன், மாட்டினேன், வேறு ஆம்ப்ளிபயர் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் யாரோ மாடி ஃபேனை நிறுத்த, உறுமலும் நின்றது. அப்போதுதான் காரணம் தெரிந்தது. அந்த எலக்ட்ரீசியனிடம் கேட்டால், “ரெண்டும் ஒயர்தானண்ணே” என்றார். அவரோடு பேசி என்ன ஆகப்போகிறது?

குடும்பம் பால் காய்ச்சிக் குடிவந்த பிறகும் எங்கள் வேலை முடியவில்லை. வெள்ளையடித்தவர்கள் அலமாரிக்குள் தொங்கிய ஒயர்களோடு சேர்த்து நான் கட்டியிருந்த பெயர்ச்சீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு ஜோடி ஒயர், எது எந்த அறை என்று தெரியாது. ஒவ்வொன்றிலும் பாட்டைப் போட்டு வீடு முழுக்க ஓடிப் பார்க்கவேண்டும். நான் ஒரு குறுக்குவழி பிடித்தேன். இங்கேதான் நான் செய்த காரியம் ஆரம்பிக்கிறது.

ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தமும், சுருளும், ஒரு காகிதக் கூம்பும்தான். மின்சாரம் வந்தால் கூம்பு ஆடிச் சத்தம் தரும். அதையே திருப்பி யோசித்தால், எதிரில் யாராவது பேசினாலும் கூம்பு ஆடும், சுருளில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிபயரின் மைக் துளையில் கொடுத்தால் ஸ்பீக்கரே மைக். நான் ஒவ்வொரு ஜோடியையும் மைக் துளையில் செருகி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கரண்டிச் சத்தம் வந்தால் சமையல்கட்டு. காக்காய் கத்தினால் மொட்டைமாடி. உட்கார்ந்த இடத்திலேயே ஐந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

அன்றைக்குப் பட்டுச்சேலைக் கடைக்கு விடுமுறை. தாமோதரன் பின்னால் வந்து நின்று, “என்ன கேக்குது?” என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். “மாடி ரூமு அய்யா. உங்க தம்பி பேசுறது தெளிவா கேக்குது பாருங்க” என்று ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

சிரித்துக்கொண்டே வாங்கியவர் சிரிப்பை நிறுத்தினார். உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். எனக்குப் புரியாத பாஷையில் மேலே என்னவோ பேசுகிறார்கள், அது இவருக்குப் புரிகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நான் தனியாக இருக்கும்போது வந்தார். “தவமணி, இதுக்கு ஒரு சுவிட்ச் போட முடியுமா? திருப்புனா மேல பேசுறது இங்க கேக்கணும். வீட்டுல திருடன் வந்தாலும் தெரியும்ல” என்றார். பாயிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றேன். “பாய் எதுக்கு இதுக்குப் போய்? அவரு மறுபடியும் ஒரு மாசம் பேசுவாரு. சின்ன வேலை. உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

பத்து மாதம் அந்த வீட்டில் என்னைப் பார்த்து யாரும் உனக்குத் தெரியும் என்று சொன்னதில்லை. அதில் விழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன். திருகு சுவிட்ச் ஒன்றை அலமாரியில் கேசட் அடுக்குக்குப் பின்னால் பொருத்தினேன். அவர் மாடி அறையை மட்டும்தான் கேட்டார். சுவிட்சில் ஆறு இடம் இருந்தது. நான் ஆறு லைனையும் இணைத்தேன். யாரும் கேட்கவில்லை. வேலை முழுசாக இருக்கட்டும் என்று நானாகச் செய்தது.

அதோடும் நிற்கவில்லை. மாடிக் குமிழை இடதுபக்கம் திருப்பி வைத்துவிட்டால் அங்கிருந்து கீழேயும் ஒன்றும் கேட்காது. அதை அவர் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். “அந்தக் குமிழை எடுத்துரு” என்றார். நான் மேலே போய் ருக்மணியிடம், “அக்கா, இந்தக் குமிழு ரிப்பேரு. மாத்திக் கொண்டுவாரேன்” என்று பொய் சொல்லிக் கழற்றி, ஒயரை நேராக இணைத்து, துளையை ஒரு வெள்ளை மூடியால் மூடிவிட்டு வந்தேன். அவர் எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன்.

சுவிட்ச் போட்ட பதினோராம் நாள் பாய் கடைசிச் சோதனைக்கு வந்தார். கையில் அந்தத் தாள். இதுவும் அவருடைய முறைதான். ஒரே கேசட்டைப் போட்டுவிட்டு அறை அறையாகப் போய், குமிழைக் கடைசிவரை திருப்பி நிறுத்தி, மறுபடி திறந்து, தாளில் டிக் போடுவார். பூஜையறை, கூடம், சமையல்கட்டு, படுக்கையறை எல்லாம் ஆயிற்று. மாடிக்கு ஏறினோம். ரங்கநாதன் ஜன்னல் பக்கம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ருக்மணி கட்டிலில் ஒரு பெட்டியைத் திறந்து சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பாயின் கை சுவருக்குப் போய் வெள்ளை மூடியில் நின்றது. “குமிழ் எங்க தம்பி?”

“ரிப்பேர் பாய்.”

“ரிப்பேர்னா வேற போடணும். மூடி எதுக்குப் போட்ட?”

நான் ருக்மணியின் பெட்டியைப் பார்த்தேன்.

“அச்சா” என்றார். கீழே இறங்கிப் போய் அலமாரியைத் திறந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். தாளில் பன்னிரண்டு முனை. அங்கே இருபத்து நான்கு. ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கேசட் அடுக்கை நகர்த்தினார். சுவிட்ச் இருந்தது. பக்கத்தில் ஹெட்போன்.

“இது என்ன செய்யும்?”

“அந்த ரூம்ல பேசுறது இங்க கேக்கும் பாய்.”

“அங்க இருக்குறவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அதற்குள் தாமோதரன் வந்துவிட்டார். “அது நான் போடச் சொன்னது பாய். என் வீடு. என் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“தெரியணும்னா மேல ஏறிப் போய்க் கேளுங்க” என்றார் பாய். “பதினெட்டுப் படி. ஒயருக்காக நான் அளந்திருக்கேன்.”

தாமோதரன் கத்த ஆரம்பித்தார். பாய் என்னைப் பார்த்தார். “மேல போ. நீ என்ன போட்டன்னு அவங்ககிட்ட நீயே சொல்லிட்டு வா. அப்புறம் கழட்டலாம்.”

“கழட்டிட்டுச் சொல்றேன் பாய்.”

“கழட்டிட்டா நீ சொல்ல மாட்ட.”

உண்மைதான். சொல்லியிருக்க மாட்டேன். தேர்தல் கூட்டத்துக்காக நாற்பதடிக் கம்பத்தின் உச்சிக்கு ஸ்பீக்கரோடு ஏறியிருக்கிறேன், நடுவில் எங்கும் நின்றதில்லை. அந்தப் பதினெட்டுப் படியில் மூன்று தடவை நின்றேன். பாய் மேல் வந்த ஆத்திரமும் கொஞ்சமில்லை. நாலு பேருக்கு எதிரில் என்னைத் திட்டிவிட்டு விட்டிருந்தால் என்ன என்றிருந்தது.

“அக்கா, இந்த ஸ்பீக்கர்ல நீங்க பேசுறது கீழ ஆபீஸ் ரூம்ல கேக்கும்” என்றேன். “நான்தான் அப்படி லைன் குடுத்தேன். குமிழு ரிப்பேர்னு சொன்னது பொய்.”

பாதி மடித்த சேலை அவர் கையிலேயே நின்றது. “எத்தன நாளா?”

“பதினோரு நாளா. அதுக்கு முன்னாடி ஒருநாள் டெஸ்ட் பண்ணும்போது பெரியவரு கேட்டாரு. நான்தான் கேக்கக் குடுத்தேன்.”

“என்ன கேட்டாரு?”

“எனக்குத் தெரியாதுக்கா. உங்க பாஷ எனக்குப் புரியாது. மூஞ்சி மாறுச்சு, அதத்தான் பாத்தேன்.”

ருக்மணி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். அவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் புரியட்டும் என்று பேசினார் போல. “கேட்டீங்களா? நான் சாவித்திரி அக்காட்ட சொல்லிட்டேன்னு நாலு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கீங்க.”

“நீயும்தான் நான் அண்ணன்ட்ட உளறிட்டேன்னு பெட்டியக் கட்டுற” என்றார் ரங்கநாதன். பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

விஷயத்தை ருக்மணிதான் சொன்னார். திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அந்த வீட்டிலிருந்து பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை. அண்ணன் விடமாட்டார் என்று தெரியும். சேரும் நாள் வரை யாரிடமும் சொல்வதில்லை என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். நாலு நாளைக்கு முன்னால் தாமோதரன் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சேரும் தேதி முதற்கொண்டு சொல்லி, இந்தக் குடும்பத்தில் அது நடக்காது என்று முடித்துவிட்டார். இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்படியென்றால் அவர்களில் ஒருவர் வாயைத் திறந்திருக்கவேண்டும். அவர் இவரைச் சொல்ல, இவர் அவரைச் சொல்ல, அன்று சாயங்கால பஸ்ஸில் ருக்மணி அம்மா வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தது.

“கீழ வாங்கண்ணே. இப்பச் சொன்னத அக்கா முன்னாடி ஒருதடவ சொல்லுங்க” என்று என்னிடம் சொன்னார். “அவங்களையும் நான் நாலு வார்த்த பேசிட்டேன்.”

கூடத்தில் மறுபடி சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது. சாவித்திரியம்மா சமையல்கட்டு வாசலில் ஈரக்கையோடு நின்று கடைசிவரை கேட்டார். பத்து மாதத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது பத்து வார்த்தை இருக்காது. இப்போது கேட்டார்: “மேல மட்டும்தானா தம்பி?”

பொய் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. “இல்லம்மா. ஆறு லைனும். சமையல்கட்டும் கேக்கும்.”

“நான் மேல மட்டும்தான் கேட்டேன்” என்றார் தாமோதரன்.

சாவித்திரியம்மா அவரைப் பார்த்துத் தங்கள் பாஷையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்வி, நாலைந்து வார்த்தைதான். தாமோதரன் ஆபீஸ் அறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவித்திரியம்மா அவர் முதுகைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் ஆரம்பித்தார்கள். ருக்மணியும் சேர்ந்துகொண்டார். எனக்கு எதுவும் புரியவில்லை. புரியாதது நல்லதாகவே பட்டது.

இவ்வளவு நடக்கும்போதும் பாய் வேலையை நிறுத்தவில்லை. சுவிட்சைக் கழற்றினார். பன்னிரண்டு முனை மட்டும் மிஞ்சும்படி ஒயர்களைத் திருத்தினார். என்னை மேலே அனுப்பிப் புதுக் குமிழைப் போடவைத்தார். “எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போங்க” என்று தாமோதரன் கத்தினார். “எங்க வேலை தாள்ல இருக்குறபடி இருக்கணும் அய்யா. அப்புறம் நீங்க பிடுங்கிக்கங்க” என்று சொல்லிவிட்டு அதே கேசட்டை மறுபடி போட்டார். ஆறு இடத்திலும் முருகன் பாட்டு ஓட, அவ்வளவு பேரும் சண்டை போட, மாடியில் குமிழைத் திருப்பி நிறுத்திப் பார்த்து டிக் போட்டுவிட்டுத்தான் வந்தார். அந்த மனிதரை என்ன செய்வது?

பஸ்ஸில் வரும்போது தெற்குவாசல் தாண்டியதும் பாய், “ஸ்பீக்கர் மைக்காகும்னு உனக்கு மட்டுந்தான் தெரியும்னு நினைச்சியா தம்பி?” என்றார். “நான் உன்னவிடச் சின்ன வயசுல கண்டுபிடிச்சேன். இதுவரைக்கும் ஒரு வீட்டுக்காரர்ட்டயும் சொன்னதில்ல.” அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. ஒரு வருஷம் எனக்கு வீட்டு வேலை தரவில்லை. மறுபடி புளியமரம், குழாய் ஸ்பீக்கர். கேட்கவும் முடியவில்லை, கோபித்துக்கொண்டு போகவும் முடியவில்லை.

ருக்மணி குறித்த நாளில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த தை மாதம் தம்பி குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துத் திருப்பரங்குன்றம் போய்விட்டது. கடை மட்டும் பொதுவில் இருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். போகவில்லை. ஒருதடவை பஸ் ஸ்டாண்டில் ருக்மணியைப் பார்த்தேன். நோட்டுக் கட்டோடு நின்றவர் என்னை அடையாளம் தெரிந்து தலையை அசைத்தார். சிரிக்கவில்லை.

தம்பி குடும்பம் போன சில வாரத்தில் தாமோதரன் எங்கள் கடைக்கு ஆள் அனுப்பினார். சமையல்கட்டு லைன் வேலை செய்யவில்லையாம். பாய் ஊரில் இல்லை, நான்தான் போகவேண்டியிருந்தது. ஆம்ப்ளிபயர் சரி, குமிழ் சரி. முக்காலி போட்டு ஏறி ஸ்பீக்கர் பெட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். பின்னால் இரண்டு ஒயரும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தன. ஒட்ட ஐந்து நிமிஷம் ஆகாது.

சாவித்திரியம்மா கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “என்ன தம்பி, ஒயர் போயிருச்சா?”

“போயிருச்சும்மா.”

“எங்க போயிருக்கு?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ளம்மா. சுவத்துக்குள்ள” என்றேன்.

“அப்ப அய்யாட்ட சொல்லிருங்க.”

ஆபீஸ் அறைக்குப் போய்ச் சொன்னேன். தாமோதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முன்னைவிட இளைத்திருந்தார். “கொத்திப் பாக்க முடியாதா?”

“பாக்கலாம் அய்யா. அடுப்படியக் காலி பண்ணணும். ஒரு மாசம் ஆகும். அப்படியும் கெடைக்கும்னு சொல்ல முடியாது.”

எதற்கும் விடாதவர், அன்றைக்குச் சமையல்கட்டுப் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டு, “சரி, விட்ரு” என்றார்.

கிளம்பும்போது சாவித்திரியம்மா கூப்பிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்த ஸ்பீக்கருக்குக் கீழே உட்காரவைத்துத் தோசை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே பேசினார். முழங்கால் வலி, தண்ணீர் வராத குழாய், பழைய வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரி, ருக்மணியின் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எல்லாம் பேசினார். நாலு தோசை ஆகும்வரை பேச்சு நிற்கவில்லை. நான் உம் கொட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.